கோடு போட்ட இடம்

மே 4

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதப் போவதில்லை. ஏழு பக்கத்துக்கு ஐம்பத்திரண்டு கேள்வி எழுதியிருக்கிறாய். உடம்பில் தெம்பு இல்லாமலா எழுதியிருப்பாய்.

போனை ஏன் எடுக்கவில்லை என்று நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாய். இனி போன் கிடையாது. போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை நீ முடிக்கிறாய். அதையும் தப்பாக முடிக்கிறாய். கடிதமென்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு இருந்துதான் ஆகவேண்டும். அம்மா சொல்வாளே, "வாயால சொன்னது காத்தோட போச்சு, எழுதிக் கொடு" என்று.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா அம்மா நினைவாக ஓர் உதவித்தொகை வைக்கலாம் என்று நீ சொன்னபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது நம் தெருப்பக்கத்திலிருந்து மேல்படிப்புக்குப் போகட்டும், நீயும் நானும் ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டரும் உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுப்போம் என்றுதானே பேச்சு? அதற்குள் நீயே ஒரு பாரம் அச்சடித்துக் கட்டுக்கட்டாக அனுப்பிவிட்டாய்.

அப்பாவும் அம்மாவும் நாற்பது வருஷத்துக்கு மேல் என்ன வேலை செய்தார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பதிவு அலுவலகத்தை ஒட்டி, கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற இந்தக் கடையில் உட்கார்ந்து, பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுத்தார்கள். அப்பா கையால் எழுதுவார், அம்மா டைப் அடிப்பாள். "ஊர் பாரத்தையெல்லாம் நாமதான் சுமக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். பாரத்தைக் கண்டால் கை நடுங்குகிற சனங்களுக்காக உழைத்த இரண்டு பேர் நினைவாக நீ ஏழு பக்கப் பாரம் போட்டிருக்கிறாய். பல் டாக்டர் நினைவாக மிட்டாய்க் கடை திறந்த கதை.

முப்பத்தோராம் கேள்வியைப் பார். "தாங்கள் கடைப்பிடிக்கும் சமூக விழுமியங்கள் ஐந்தினை முந்நூறு சொற்களுக்குக் குறையாமல் உதாரணங்களுடன் விளக்குக." விழுமியம் என்றால் என்னவென்று கடைக்கு வந்த மூன்று பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் முழித்தார்கள். ஒருவர், "விழுந்து எழுந்திரிக்கறதுங்களா?" என்றார். அவர் சொன்னதே தேவலை.

ஒரு பக்கமாகக் குறைத்து அனுப்பு.

அக்கா

பி.கு.: கடைசிப் பக்கத்தில் "நகல்களுடன் அசலையும் காட்டவேண்டும்" என்று போட்டிருக்கிறாய். அப்பா என்னை அசல் என்றும் உன்னை நகல் என்றும் கூப்பிட்டதை நினைத்துச் சிரித்துவிட்டேன். நீ இங்கே வந்து எத்தனை நாளாகிறது, நகலே?


மே 12

அக்காவுக்கு,

உன் கடிதம் இரண்டு நாள் தாமதமாகக் கிடைத்தது. காரணம் தபால் துறை இல்லை, நீதான். உறையின் மேல் "நகல், ஏழாம் மாடி" என்று எழுதியிருக்கிறாய். தபால் பிரிக்கிற பெண் அதை நகல் எடுக்கிற அறைக்கு அனுப்பிவிட்டாள். அங்கே ஒருவர் அதை எத்தனை பிரதி எடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். எனக்குக் கீழே பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பேரை விட்டுவிடு. சின்ன வயதிலேயே அது எனக்குப் பிடிக்காது. அப்பா முகத்தை அப்படியே உரித்து வைத்துப் பிறந்தது என் குற்றமா? நீ முதலில் பிறந்தாய், அசல் ஆனாய். நான் எட்டு வருஷம் கழித்து வந்தேன், கார்பன் தாள் வைத்து எடுத்த பிரதி ஆனேன்.

இனி பாரம் பற்றி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவன் நான். கேட்காத எதையும் யாரும் சொல்வதில்லை என்பது என் அனுபவம். யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்தால் அது தர்மம். தகுதி பார்த்துக் கொடுத்தால்தான் அவர்களுக்கும் கௌரவம், கொடுக்கிற பேருக்கும் கௌரவம். முகப்புப் பக்கத்தைப் படித்தாயா இல்லையா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. "ஊருக்கு உழைத்த இலட்சியத் தம்பதி" என்று ஆரம்பிக்கிற அந்த இருபது வரியை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அப்பா போனபோது என்னால் வரமுடியவில்லை. பதினோரு மாதம் கழித்து அம்மா போனபோது வந்தேன், ஒரு நாள் பிந்தி. கடைசிவரை நீதான் பார்த்துக்கொண்டாய், நான் மறுக்கவில்லை. இந்த ஒன்றையாவது நான் ஒழுங்காகச் செய்துவிட்டுப் போகிறேனே. பாரம் ஏழு பக்கம்தான் இருக்கும்.

தம்பி


மே 23

தம்பிக்கு,

முகப்புப் பக்கத்தைப் படித்தேன். அழகாக எழுதியிருக்கிறாய். யாரைப் பற்றி என்றுதான் தெரியவில்லை. அம்மா அதில் ஒரு இடத்தில் கூடக் கோபப்படவில்லை. பசை பாட்டிலை மூடாமல் வைத்ததற்காக அப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அவள்.

நீ அனுப்பிய பாரங்கள் ஊரெல்லாம் போய்விட்டன. என்ன நடக்கிறது தெரியுமா? அத்தனை பேரும் அதை எடுத்துக்கொண்டு நிரப்பித் தரச் சொல்லி என் கடைக்கே வருகிறார்கள். வேறெங்கே போவார்கள்? பாரம் நிரப்பத்தானே நான் இருக்கிறேன். தேர்வுக் குழுவில் நானே ஓர் ஆள், விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதும் நானே. ஹெட்மாஸ்டர் நேற்றுக் கடைக்கு வந்து மேஜையைத் தட்டினார். "கேள்வித்தாள் தயாரிக்கிறவங்களே பரீட்சையும் எழுதறதாம்மா? நல்லா இருக்கா?" "சார், கேள்வித்தாள் தயாரிச்சது ஏழாவது மாடியில உட்கார்ந்திருக்கு. அங்க போய்த் தட்டுங்க" என்றேன். தட்டிய தட்டில் ஸ்டாம்பு பேட் கவிழ்ந்து, அவர் வேட்டியெல்லாம் ஊதா.

முந்தாநாள் இஸ்திரிக்காரம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உனக்கு அவளைத் தெரியும். நம் கடையின் நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, அப்பா சட்டையை மட்டும் காலர் மடிப்பு இரண்டு தடவை தேய்த்துக் கொடுப்பாளே, அவள்தான். மகளுக்கு வயது பதினேழு. செயற்கைக் கை கால் செய்கிற படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டேன். "வண்டியில எங்கம்மா நின்னு நின்னு கால் போச்சு பெரியம்மா. கால் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்படியே பிடிச்சுப்போச்சு" என்றாள். ஜூலை இருபதுக்குள் சேர்ந்துவிட வேண்டுமாம். இந்த உதவி கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் அவளும் ஒரு வண்டி தள்ளவேண்டியதுதான்.

உன் முப்பத்தோராம் கேள்விக்கு அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். "துணி கொடுக்கறவங்க தெரியாத்தனமா சட்டைப் பையில விட்ட காசு, சீட்டு எதைப் பார்த்தாலும் எங்கம்மா எடுத்து, திருப்பிக் கொடுக்கத் தனியா மடிச்சு வைப்பாங்க. நானும் வைப்பேன்." முந்நூறு சொல் இல்லை. இவ்வளவுதான்.

தேறுகிற பிள்ளை. நீயே பார்ப்பாய்.

அக்கா


ஜூன் 3

அக்காவுக்கு,

வந்த விண்ணப்பங்கள் பத்தொன்பதையும் படித்துவிட்டேன். முதல் சுற்றில் பதினொன்றைத் தள்ளிவிட்டேன். பெரும்பாலும் முழுமையாக நிரப்பாதவை. ஹெட்மாஸ்டருக்கும் இதில் சம்மதம். தன் தீர்மானத்தை எழுத்தில் அனுப்பியிருக்கிறார், ஓரத்தில் ஊதாக் கறையுடன்.

நீ சொன்ன இஸ்திரிக்காரம்மா மகளுடையதும் தள்ளியவற்றில் ஒன்று. மதிப்பெண் குறைவில்லை. முப்பத்தோராம் பதிலும் சின்னதாக இருந்தாலும் எனக்குப் பிடித்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்பதாம் கேள்வி, "தந்தை பெயர்", கட்டாயம் நிரப்பவேண்டியது. அங்கே ஒரு கோடு மட்டும் இருக்கிறது. இறந்துவிட்டார் என்றால் "காலஞ்சென்ற" என்று போட்டுப் பேரை எழுதலாம். பிரிந்துவிட்டார் என்றாலும் பேர் பேர்தானே. ஒன்றுமே எழுதாமல் விட்டால் எப்படி எடுத்துக்கொள்வது?

மீதி எட்டையும் உனக்கு அனுப்பியிருக்கிறேன். மதிப்பெண் போட்டு அனுப்பு.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

மதிப்பெண் போடவில்லை. எட்டையும் பசை பாட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஒன்றுமே எழுதாமல் விட்டாளா? கோடு போட்டிருக்கிறாள்! உனக்குக் கண் இருக்கிறதா இல்லையா? நம் கடையில் வளர்ந்தவன்தானே நீ? இங்கே இருந்த சட்டம் இரண்டே இரண்டு. இரண்டும் அம்மா போட்டது. முதல் சட்டம், "தெரியாத இடத்துல, சொல்ல விரும்பாத இடத்துல கோடு போடு. காலியா விட்டா வேற யாராவது எழுதிடுவாங்க." இரண்டாவது, "கேக்காத கேள்விக்குப் பதில் எழுதாதே." இந்த இரண்டையும் நீ ஐந்தாம் வகுப்பிலேயே ஒப்பிப்பாய். நான் அந்தப் பெண்ணுக்கு எழுதியபோது கை தானாகக் கோடு போட்டது. கோடு என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை. இந்த இடத்தைப் பார்த்தேன், யோசித்தேன், எழுத எனக்கு மனமில்லை என்று அர்த்தம். உன் இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதற்கு வேறு அர்த்தம் இருந்தால் அது அந்த ஆபீசோடு இருக்கட்டும்.

தள்ளிவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். இஸ்திரிக்காரம்மா பயந்துபோய், "என் அண்ணன் பேரை எழுதிடலாம்மா, யாரு பார்க்கப் போறா" என்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "அந்த ஆளு பேரு எனக்குத் தெரியும் பெரியம்மா. தெரியாம கோடு போடல. அந்தக் கட்டத்துல வந்து உட்கார அவருக்கு என்ன தகுதி இருக்கு? மாமா பேரை எழுதினா அது பொய். பொய் எழுதி வாங்கற உதவி எனக்கு வேண்டாம்." பதினேழு வயது. உன் ஐந்து விழுமியத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எழுதிக்கொள்.

அவளை உள்ளே எடு. நாள் ஓடுகிறது.

அக்கா


ஜூன் 16

பெறுநர்: தேர்வுக் குழு உறுப்பினர் அவர்கள்

தங்கள் ஒன்பதாம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. உறவு முறையில் எழுதினால் சத்தம்தான் மிஞ்சுகிறது என்பதால் முறைப்படியே பதில் எழுதுகிறேன்.

விதி என்பது அனைவருக்கும் ஒன்றுதான். தங்களுக்குத் தெரிந்தவர், தங்கள் கடை நிழலில் நிற்பவர் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் தளர்த்த இயலாது. மேலும், இது ஓர் இலட்சியத் தம்பதியின் குடும்ப வாழ்வைப் போற்றும் வகையில் ஏற்படுத்தப்பட்ட உதவித்தொகை. தகப்பனார் பெயரில் கொடுப்பதை, தகப்பன் பெயரே எழுதாத ஒருவருக்குக் கொடுத்தால் ஊர் சிரிக்காதா? அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கும் நம் தகப்பனாருக்கும் என்ன சம்பந்தம் என்று நாளை யாராவது கேட்டால் தாங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

எட்டு விண்ணப்பங்களுக்கும் மதிப்பெண் இட்டு இம்மாத இறுதிக்குள் அனுப்பிவைக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தேர்வுக் குழு அமைப்பாளர்


ஜூன் 22

தம்பி,

அவர்களாம், கோருகிறேனாம். படித்ததும் கிழிக்கத்தான் எடுத்தேன். ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. "என்ன சம்பந்தம் என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?" நாற்பத்தாறு வருஷமாக நீ இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதக் கூடாது என்று அம்மா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். "அவனா கேட்டா சொல்லு. நீயா போய்ச் சொல்லாதே" என்பாள். இப்போது நீயாகவே கேட்டுவிட்டாய், எழுத்தில், தேதி போட்டு. பதில் சொல்கிறேன்.

இதோடு ஒரு பாரத்தின் நகல் வைத்திருக்கிறேன். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது எழுதியது. கையெழுத்து அப்பாவுடையது, உனக்கே தெரியும். "தகப்பனார் பெயர்" என்ற கட்டத்தைப் பார். ஒரு கோடு இருக்கிறதா? கோட்டின் மேல் அப்பா பேர் இருக்கிறதா? கோடு ஒரு மையில், பேர் வேறு மையில். நடுவில் ஒன்றரை வருஷம்.

அப்பா அப்போது ஒரு பலகையும் மைக்கூடும் வைத்துக்கொண்டு பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார். கடைகூடக் கிடையாது. அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவரிடம் போனாள், பாரம் எழுத. அப்போது எனக்கு நாலரை வயது. அவர் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தக் கட்டம் வந்தது. "தகப்பனார் பேரு?" அம்மா, "கோடு போடுங்க" என்றாள். "காலியா விட்டுடலாமேம்மா." "காலியா விட்டா வேற யாராவது எழுதிடுவாங்க. கோடு போடுங்க." நம் கடைச் சட்டம் பிறந்தது அன்றைக்குத்தான். அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். அடிமட்டத்தை எடுத்து வைத்து நேராகக் கோடு போட்டார். என்னவென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டைப் அடிக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்.

பிறகு ஒரு நாள் அதே பதிவு அலுவலகத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் மேஜை மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன். கல்யாணப் படம் கரையான் அரித்துவிட்டது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோமே, அப்படி ஒரு படமே எடுக்கவில்லை. மறுநாள் அப்பா என் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை ஆசிரியையிடம் பழைய பாரத்தை வாங்கி, தன் பேரை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "ஏங்க, அதுதான் கோடு போட்டாச்சே" என்று அம்மா கேட்டாளாம். "கோடு போட்டது எழுதறதுக்குத்தானே" என்றாராம். நான் பள்ளியை விட்டபோது அந்தப் பாரத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

எனக்கு அந்த முதல் ஆளின் பேர் தெரியாது. கேட்டதில்லை. கேட்கவும் தோன்றியதில்லை.

ரத்தத்தால் பார்த்தால் அவருக்கு நீதான் அசல். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அவர் யாரை அசல் என்று கூப்பிட்டார் என்று யோசி. கடைக்கு வருகிற சனமெல்லாம் கேட்கிற மாதிரி, சத்தமாகக் கூப்பிடுவார்.

இனி அந்தப் பெண்ணுக்கும் நம் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் நீயே பதில் சொல். அவளைத் தள்ளினால் என்னையும் தள்ளியதாகத்தான் கணக்கு. அப்புறம் நம் இரண்டு பேருக்கும் நடுவில் கடிதமும் வேண்டாம்.

பாரத்தின் அசலை அனுப்ப மாட்டேன்.

அக்கா


ஜூலை 6

தம்பி,

பதினாலு நாளாயிற்று. பதில் இல்லை.

எனக்குப் பதில் எழுதாவிட்டால் போகிறது. தினமும் காலையில் வண்டியை நிறுத்தும்போது இஸ்திரிக்காரம்மா என் முகத்தைப் பார்க்கிறாள். கேட்பதில்லை, பார்க்கிறாள். அந்தப் பெண் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். ஹெட்மாஸ்டர் வந்தார். "உங்க தம்பிக்கிட்ட இருந்து பேச்சு மூச்சே இல்லையேம்மா" என்றார். புது வேட்டி. ஸ்டாம்பு பேட்டை நான் தள்ளி வைத்தேன்.

உண்டு என்றாவது இல்லை என்றாவது எழுது. இரண்டும் எழுத வரவில்லையென்றால் ஒரு கோடாவது போட்டு அனுப்பு. காலியாக விடாதே.

அக்கா


ஜூலை 9

அக்கா,

முதலில் வேலையை முடித்துவிடுகிறேன். அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தில் சம்மதக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஹெட்மாஸ்டருக்குச் சம்மதம் இல்லை. நேற்று முக்கால் மணி நேரம் போனில் வாதாடினார், நடுவில் இரண்டு தடவை எதையோ தட்டினார். மூன்றில் இரண்டு போதும். உன் கையெழுத்தையும் போட்டு அவளைக் கல்லூரிக்கு அனுப்பு. கல்லூரிக்கு நானும் கடிதம் எழுதிவிட்டேன். துணிக்கடைக்குப் போகவேண்டாம் என்று சொல்.

ஒன்பதாம் கட்டத்தில் நான் எதையும் எழுதவில்லை. அவள் கோடு அப்படியே இருக்கட்டும்.

வேலை முடிந்தது. இனி சண்டை. எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஒரே வீட்டில் நீங்கள் மூன்று பேரும் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்ட என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லையாம்! என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பது? ஊரில் எல்லாருக்கும் கோடு போட்ட அம்மா என்னை மட்டும் காலியாக விட்டுவிட்டாள். காலியாக விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? வேறு யாராவது எழுதிவிடுவார்கள். நானே எழுதினேன். இலட்சியத் தம்பதி என்று இருபது வரி. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன்.

ஜூன் பதினாறாம் தேதிக் கடிதத்தின் நகல் என் கோப்பில் இருக்கிறது. தகப்பன் பெயரே எழுதாத ஒருவர் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். அதைத் திரும்பப் படிக்க முடியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதினால் போதுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன். மன்னித்துவிடு.

இந்தப் பதினாலு நாளும் சும்மா இருக்கவில்லை. அந்த ஏழு பக்கப் பாரத்தை எடுத்து, எனக்குப் பதினேழு வயது என்று வைத்துக்கொண்டு நிரப்பிப் பார்த்தேன். நாலு இடத்தில் தேறவில்லை. முப்பத்தோராம் கேள்வியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் தம்பி மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யார் கேட்டாங்க?" என்றாள். நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் ஆபீசில் இதுவரை கோடு போட்டு வந்த எத்தனை விண்ணப்பத்தை "முழுமையற்றது" என்று தள்ளியிருப்பேன் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய நகலைத் தினமும் பார்க்கிறேன். அப்பாவின் எழுத்து கோட்டில் நிற்காது. எந்தத் தாளில் எழுதினாலும் கொஞ்சம் மேலே ஏறித்தான் ஓடும், அம்மா அதற்காகத் திட்டுவாள். இந்தப் பாரத்தில்கூட மற்ற கட்டமெல்லாம் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் ஒவ்வொரு எழுத்தும் கோட்டைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ஒரு கோடும் இல்லாமல் சும்மா கிடைத்த பேர் அது. உனக்கு அவர் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

பாரத்தை ஒரு பக்கமாகக் குறைத்துவிட்டேன். பேர், படிப்பு, ஏன் படிக்க ஆசை. கீழே, "சொல்ல விரும்பாத இடத்தில் கோடு போடவும்". விழுமியம் போய்விட்டது. முகப்பில் இருந்த என்னுடைய இருபது வரியையும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் அவர்களைப் பற்றி என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. அதனால் அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டிருக்கிறேன். நீ எழுது. பசை பாட்டில் சண்டையையும் சேர்த்து எழுது.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நகலை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று நானே அச்சடித்திருக்கிறேன். அசலைப் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
நகல்